முதுகுப் பக்கத்துத் தையல்

அந்தத் தையல்காரியிடம் கிழிந்த துணியைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்க வருகிறவர்கள், கிழிசல் எங்கே இருந்தது என்று அவளையே கேட்பார்கள். வேலை அத்தனை சுத்தம். அவள் வேலை பார்த்தது புதுத்துணி தைக்கும் கடை அல்ல, பழுது பார்க்கும் கடை. அறுந்த ஜிப், எலி கடித்த போர்வை, இஸ்திரிப் பெட்டி சுட்ட சட்டை என்று ஊரின் ஓட்டையெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா ஒரு விதி சொல்லியிருந்தாள்.

"கிழிசல் எப்படி வந்துச்சுன்னு யாரையும் கேக்காத. எப்படி மூடணும்னு மட்டும் கேளு. காரணம் கேட்டா, அடுத்த தடவ வேற கடைக்குப் போயிடுவாங்க."

ஒன்பது வருஷமாக அவள் யாரையும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள், பதினோரு வயது. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அப்பா ஒரு தடவை ஊருக்கு வந்தபோது மகளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்துவிட்டுப் போனார். பேர் பொருத்தம்தான். பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்தால் வீட்டுப் பூட்டைத் திறக்கும்வரை ஓயாது. யார் திட்டு வாங்கினார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, கணக்கு டீச்சரின் செருப்பு எப்படிக் கீச்சிடுகிறது, எல்லாம் வரும். "கொஞ்சம் வாய மூடேன்டி, காது வலிக்குது" என்று அம்மா கெஞ்சாத நாளில்லை.

பள்ளி திறந்து இரண்டாம் மாதம் மகளின் யூனிஃபார்ம் கவுனில் முதல் வெட்டு விழுந்தது. வெள்ளைச் சட்டைக்கு மேல் போடுகிற கையில்லாத நீலக் கவுன் அது. முதுகுப் பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. தையல்காரி அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். கிழிசல் என்றால் ஓரத்தில் நூல் பிசிறி நிற்கும், துணி ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். இதில் பிசிறே இல்லை. கத்தரிக்கோல் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று.

அங்கேதான் வந்தது வினை. இரண்டு தடவை கீழ்மடிப்பை அவிழ்த்து இறக்கிய பழைய கவுன் அது. மடித்திருந்த கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, புதுசு வேண்டும் என்று மகள் பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி இதையும் அதையும் சேர்த்து ஒரு முடிவு கட்டிக்கொண்டாள்.

"நீயே வெட்டிட்டு வந்து நிக்கிறியா?"

"நான் இல்லம்மா. பின் பெஞ்சுல ஒரு பொண்ணு. பக்கத்துல ரெண்டு பேரு கைய வெச்சு மறைச்சுகிட்டாங்க, அவ வெட்டினா."

"அடுத்தவங்க மேல பழி போடாத. நான் புதுசு வாங்கித் தரலன்னு கழட்டி வெச்சு வெட்டியிருக்க. யாருகிட்ட காது குத்துற?"

மகள் சத்தியம் பண்ணினாள், அழுதாள். அழுகை நிற்காததால் முதுகிலேயே ஒன்று வைத்தாள் அம்மா. அப்புறம் உட்கார்ந்து அதே நீலத்தில் நூல் தேடி, இழைக்கு இழை ஓட்டி, வெட்டு இருந்த இடமே தெரியாமல் தைத்து முடித்தாள். தைத்ததைக் கைநீட்டிப் பிடித்து ரசிக்கவும் செய்தாள்.

மூன்றாம் வாரம் இன்னொரு வெட்டு. இந்தத் தடவை மகள் ஒன்றும் சொல்லவில்லை. கவுனைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவும் கேட்கவில்லை. அதற்கடுத்து வந்த வெட்டுகளும் அப்படியேதான் மெஷினுக்கு வந்தன. எத்தனை நாள்தான் வெட்டுவாள், நானும் தைக்கிறேன், யார் சளைக்கிறோம் என்று பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு போட்டி. கடையில் சம்பளத்துக்காகக் காப்பாற்றிய விதியை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பெற்ற பிள்ளை வாடிக்கையாளரைப் போல வந்து துணியை வைத்துவிட்டுப் போகிறதே என்று அவளுக்கு ஒருநாள்கூட உறைக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

ரேடியோ மெல்ல மெல்ல அடங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் பேச்சே இல்லை. திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி வந்தது. வெயிலிலும் ஸ்வெட்டர் வேண்டும் என்றாள். தெருவில் சுவரை ஒட்டியே நடந்தாள். "எம் பொண்ணு இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கா" என்று தையல்காரி கடையில் சொன்னாள், அதுவும் பெருமையாக. "வயசு வருதுல்ல" என்றாள் முதலாளியம்மா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. தையல்காரி கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்க் கூட்டிவந்தாள். உடம்பைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி மகளைத் திருப்பினாள். முதுகில் மெல்லிய கோடுகள் இருந்தன. மூன்று ஆறிப்போனவை, ஒன்று புதுசு, அதில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இது என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. பெஞ்சுல இடிச்சுகிட்டேன்."

பெஞ்சு இடித்தால் இப்படிக் கோடு விழாது. தையல்காரி எழுந்துபோய் மகளின் வெள்ளைச் சட்டைகளை எடுத்தாள். அவற்றிலும் முதுகில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. துவைத்துத் துவைத்து நைந்துபோயிற்று என்று நினைத்து அவற்றையும் அவளேதான் தைத்திருந்தாள். ஒரு சட்டையைக் கவுனுக்குள் நுழைத்துக் கொக்கியில் மாட்டினாள். கவுனின் தையல் மேல் ஒரு குண்டூசியைக் குத்தினாள். ஊசி உள்ளே போய்ச் சட்டையின் தையல் மேலேயே ஏறி நின்றது. இன்னொன்றைக் குத்தினாள், அதுவும் அப்படியே நின்றது.

கழற்றி வைத்து வெட்டியிருந்தால் இரண்டும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. உடம்பில் போட்டிருக்கும்போது வெட்டியது அது. தன் முதுகில் தானே வெட்டிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் கை எட்டாது. கவுன், சட்டை, அதற்கடியில் பிள்ளையின் தோல் என்று கத்தரிக்கோல் மூன்றையும் தாண்டிப் போயிருந்தது. இது தெரிய ஒரு தையல்காரிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

கட்டிலிலிருந்து மகள் கேட்டாள். "தைச்சிடுவியாம்மா? திங்கக்கிழமைக்கு வேணும்."

திங்கட்கிழமை காலையில் இருவரும் தலைமையாசிரியை அறையில் இருந்தார்கள். தையல்காரி கவுனையும் சட்டைகளையும் மேஜைமேல் பரப்பினாள். கடைசி வெட்டை மட்டும் தைக்காமல் கொண்டுவந்திருந்தாள். தலைமையாசிரியை கெட்டவர் அல்ல, ஆனால் வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"ஒரு வெட்டு இருக்கு, சரி. முதுகுல இருக்குற கீறல் எதுலயும் பட்டிருக்கலாம். மூணு மாசமா நடக்குதுன்னு சொல்றீங்களே, மத்ததெல்லாம் எங்கம்மா? துணி முழுசா இருக்கே. க்ளாஸ்லயே உங்க பொண்ணு யூனிஃபார்ம்தான் நீட்டா இருக்குன்னு க்ளாஸ் டீச்சர் சொல்வாங்க."

தையல்காரி பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். தன் கையால் போட்ட தையலைத் தேட அவளுக்கே விரலால் தடவ வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அறையில் நூல் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிரிக்கப் பிரிக்க நீல நூல் துணுக்குகள் மேஜைக் கண்ணாடியில் உதிர்ந்தன. ஆறு தையல்களையும் பிரித்து முடித்து, கவுனுக்குள் கையை விட்டு முதுகுப் பக்கத்தை மட்டும் ஜன்னலுக்கு நேரே விரித்துக் காட்டினாள். ஒரு சாண் இடத்துக்குள் ஏழு வெட்டுகள் இருந்தன. அவற்றின் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தார். வகுப்பு டீச்சரை அழைத்து, பின் பெஞ்சில் யார் யார் என்று கேட்டார். டீச்சர் சொன்ன பேர்களுக்கு மகள் தலையாட்டினாள். அந்த மூன்று பெண்களையும் வரவழைத்து, பெற்றோர் வரும்வரை அறைக்கு வெளியே சுவரோரம் நிற்கச் சொன்னார். ஜன்னல் வழியாக அவர்களின் தலைகள் தெரிந்தன. மகள் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்து வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. இன்னிலேர்ந்து நீ முன் பெஞ்சு. நான் தினமும் வந்து பாப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லு. இதுக்கு முன்னாடி பெரியவங்க யார்கிட்டயாவது சொன்னியா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு வேகமாகச் சொன்னாள்.

"இல்ல மிஸ். யார்கிட்டயும் சொல்லல."

தலைமையாசிரியை அதை நோட்டில் எழுத ஆரம்பித்தார். தையல்காரி தலையை மட்டும் ஆட்டினால் போதும். பிள்ளைங்க எங்க மேடம் வாயத் திறக்குதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த ஒரு வெட்டையும் தைத்துவிடலாம். கையில் அந்தக் கத்தி இன்னும் இருந்தது. அதை மேஜைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"அவ பொய் சொல்றா மேடம்."

மகள் துணுக்கென்று நிமிர்ந்தாள்.

"மொத நாளே எங்கிட்ட சொன்னா. நான்தான் நம்பல. அடிச்சேன். அதுக்கப்புறம் அவ வாயே திறக்கல. எதுவும் தெரியாம தைச்சு தைச்சு மறைச்சதும் நான்தான்."

தலைமையாசிரியை எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே வேறு வரி எழுதினார். எழுதி முடிக்க நேரமாயிற்று.

அன்றைக்கு மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சுவரோரம் நின்றிருந்த மூன்று பேரையும் கடந்து இருவரும் நடந்தார்கள். அவர்களில் நடுவில் நின்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளும் குழந்தைதான், பால் வடிகிற முகம். தையல்காரிக்கு அவளைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

வாசலுக்கு வந்ததும் மகள் சொன்னாள். "நீ அத சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"ஏன்டி? உண்மை அதுதான? நீ ஏன் பொய் சொன்ன?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"அவங்கள வெளிய நிக்க வெச்சாங்கல்ல? தெரிஞ்சா உன்னையும் அவங்க பக்கத்துல நிக்க வெச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

குத்திக்காட்டத் தெரியாத பிள்ளை அது. நிஜமாகவே பயந்திருந்தது, அம்மாவுக்காக. தையல்காரி வாசல் சுவரில் கையை ஊன்றினாள். "போலாம்மா" என்று மகள் இரண்டு தடவை கூப்பிட்டும், அவள் அந்தச் சுவரோரமே நின்றிருந்தாள்.