திரும்பாத அணி

பாலாநகரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகைக்குள் இரண்டு இரும்புக் கூடுகள் இருந்தன. செவ்வாய்க்கு ஆள் அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு தனியார் கம்பெனி, கூட்டுக்கு நாலு பேரை உள்ளே வைத்துச் சோதனை நடத்தியது. முதல் கூட்டுக்காரர்கள் ஒருநாள் பூமிக்குத் திரும்புவோம் என்று நினைத்து வாழ வேண்டும். இரண்டாவது கூட்டுக்காரர்கள், திரும்பவே போவதில்லை என்று நினைத்து வாழ வேண்டும். திரும்பி வருவதற்கு எரிபொருள் சுமக்காவிட்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால், கம்பெனிக்கு இரண்டாவது அணிமேல்தான் கண். மனுஷன் வீடு திரும்புவது வீண் பாரம் என்று கண்டுபிடிக்க இவ்வளவு படித்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

காஞ்சனாவின் தம்பி சுனில் இரண்டாவது கூட்டுக்குள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் அவள்தான். ஆள் எடுக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னதே அவள். அவளுக்கு வெளியே செய்திப் பிரிவில் வேலை. மேஜையிலிருந்து கூடு முப்பதடி. ஆனாலும் அவள் எழுதும் வரி அவனுக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். செவ்வாய்த் தூரமாம், கம்ப்யூட்டரே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மதியம் செல்லப்பா மாமா போன் செய்தார்.

"உங்கம்மா போயிட்டாம்மா. காபி கேட்டா. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." மாமா அழுதார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொள்ளி வைக்க அவன் ஒருத்தன்தான் இருக்கான். கூட்டிட்டு வா. மயானத்துல நாலு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க."

மேலாளர் ராகவேந்திரா ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வீட்டில் யார் இறந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சுனில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"அவரே எழுதிக் குடுத்தது மேடம். ஒருத்தர் வெளிய வந்தா அணியே கலைஞ்சிடும்."

"அவன் செவ்வாய்ல இல்ல சார், பாலாநகர்ல இருக்கான். செத்தது எங்கம்மா."

அவர் யார் யாருக்கோ போன் போட்டுப் பேசி முடிப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. "ஒரு செய்தி அனுப்புங்க. அவர் கேட்டா கதவு திறக்கறேன். ஆனா சுவத்தைத் தட்டக் கூடாது, மத்த மூணு பேரும் பயந்துடுவாங்க."

காஞ்சனா எழுதினாள்: "சுனில், அம்மா இறந்துட்டாங்கடா. நாலு மணிக்குத் தகனம். கதவைத் திறன்னு ஒரு வார்த்தை எழுது. வண்டி வாசல்ல நிக்குது. அக்கா."

போக இருபது, வர இருபது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டுக்குள்ளிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. சுனிலின் சிரிப்புதான். செய்தி இன்னும் அவனிடம் போய்ச் சேரவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது.

மூன்றே காலுக்குப் பதில் வந்தது.

"அக்கா, இது டெஸ்ட்தானே? போன மாசம் ஆக்ஸிஜன் லீக்னு பொய் சொல்லிப் பார்த்தாங்க. இப்ப அம்மாவா? அதையும் உன்னை எழுத வச்சிருக்கானுங்க, ஹவ்லே பசங்க. ஒரு நிமிஷம் நெஞ்சு நின்னுடுச்சு. அப்புறம் யோசிச்சேன். நெஜமா இருந்தா எனக்குச் சொல்லவே மாட்டாங்களே, நான்தான் எழுதிக் குடுத்திருக்கேனே. கதவு நக்கோ, வேணவே வேணாம். நான் கலங்கலைன்னு அம்மாகிட்ட சொல்லு."

'சத்தியமாடா' என்று அடித்தாள். அழித்தாள். அவன் நம்பிப் பதில் அனுப்புவதற்குள் நாலு மணி நெருங்கிவிடும். மயானத்துக்கு ஓடினால் சாம்பல்தான் மிஞ்சும். கதவு வேண்டாம் என்று தன் கையால் எழுதியதை வைத்துக்கொண்டு அவன் காலமெல்லாம் எப்படி இருப்பான்? பாவி, சிரித்துக்கொண்டாவது இருக்கட்டும்.

"ஆமாடா, டெஸ்ட்தான். நீ பாஸ்" என்று அனுப்பினாள்.

பிறகு மாமாவைக் கூப்பிட்டாள். "அவன் வரலை மாமா. எடுத்துட்டுப் போங்க, நான் நேரா மயானத்துக்கு வந்துடறேன். கொள்ளி நான் வைக்கறேன்."