கில்ஜா ஊட்டிய இலை

மல்சூன் ஏழாவது முட்டைக்கோசையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவளுக்கு முட்டைக்கோசே வேண்டியதில்லை. பதினோரு மணி ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரை கைக்கு ஒரு வேலை வேண்டும். புதன்கிழமை காலை, பியோவின் கடையில் கூட்டம் அதிகமில்லை. மீன் தொட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், தொடுகறிப் பகுதியின் கண்ணாடிக்குப் பின்னால், கில்ஜா முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு எதையோ பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் மல்சூனுக்கு உறுத்தியது. இருபது வருடமாக, அவள் கடைக்குள் கால் வைத்ததும் "வந்துட்டாளா மகராசி" என்று கத்துகிற வாய் அது.

"பெரியம்மா, எனக்கும் ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்களேன்."

ஹேவொன். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பெண். ஏழு மாத வயிறு தள்ளுவண்டியின் கைப்பிடியில் இடித்தது. மல்சூன் யோசிக்காமல் ஒன்றை எடுத்து அடித்தண்டை அழுத்திப் பார்த்துக் கொடுத்தாள்.

"நீங்க தொட்டாலே போதும் பெரியம்மா. இங்க இனிமே நீங்கதானாமே? நெசமா?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது!"

ஊர் என்றால் அட்லாண்டாவுக்கு வடக்கே இந்த நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற கொரியர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இங்கே யாரும் தும்மக்கூட முடியாது. கில்ஜா மாதக் கடைசியில் டெக்ஸாஸுக்கு, மகன் வீட்டோடு போகிறாள். அந்த இடத்துக்கு மல்சூனை வரச் சொன்னவர் பியோதான். "புதன்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. ருசி பாத்து என்ன கொறையுதுன்னு சொல்லுங்க. கில்ஜா அக்கா சரின்னுட்டா திங்கள்லேருந்து நீங்கதான்" என்றார். அவரால் தானே ருசி பார்க்க முடியாது. வயிற்றுப் புண். முட்டைக்கோசை மிளகாயும் உப்பும் சேர்த்து ஊறவைத்த கிம்ச்சியை விற்றுக்கொண்டு, கஞ்சி குடிக்கிற மனிதர்.

மல்சூன் வேலை பார்த்த சலவைக்கடை டிசம்பரில் மூடப்பட்டது. அறுபத்தொரு வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஆனால் சம்பளம்கூட இரண்டாவதுதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பெயர்: கைமணம் உள்ளவள். இங்கிலீஷ் வரவில்லை, கார் ஓட்ட வரவில்லை, கிம்ச்சி வந்தது. அதை வைத்துத்தான் சர்ச் சமையலறையில் தலை நிமிர்ந்து நின்றாள்.

பிப்ரவரியில் நான்கு நாள் காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. மிளகாய் சுடுவது மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் ஈரக் காகிதம். யாரிடமும் அவள் சொல்லவில்லை, கணவரிடம்கூட. அவர் சாப்பிடும்போது மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். போன ஞாயிறு சர்ச் சாப்பாட்டில் அவள் கிம்ச்சி முக்கால் பாத்திரம் அப்படியே மிஞ்சியது. போட்டது நாக்குக்கு எட்டாததால், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். "இந்த உப்பு புதுசு போல" என்றாள் பாதிரியாரின் மனைவி. இருபது வருடத்தில் அவள் பாத்திரம் மிஞ்சியதே இல்லை. அன்றைக்கு வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இன்றைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தாள். எதைக் கொடுத்தாலும் நிதானமாக மென்று, "நெத்திலிச் சாறு ஒரு சொட்டு கூட வேணும்" என்று சொல்லிவிடுவது. கில்ஜா நெத்திலிச் சாற்றில் கஞ்சம், ஊரறிந்த விஷயம்.

பதினோரு மணிக்குப் பியோ கல்லாவை விட்டு வந்து கண்ணாடி ஓரம் நின்றார். "ஆரம்பிக்கலாமா அக்கா?"

கில்ஜா அப்போதுதான் நிமிர்ந்தாள். மல்சூன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு இலையை எடுத்து, மசாலா தடவிச் சுருட்டி, இடது கையைக் கீழே ஏந்தியபடி மல்சூனின் வாய்க்கு நேரே நீட்டினாள். அந்தக் கை நீண்டால் வாய் திறந்தாக வேண்டும், மறுக்க முடியாது.

"ஆ சொல்லு."

மல்சூன் வாங்கிக்கொண்டாள். குளிர்ச்சி. மிளகாயின் சூடு. இலை நன்றாகத் துவண்டிருந்தது. மெதுவாக மென்றாள். கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். விழுங்கினாள்.

"நல்லா இருக்கு அக்கா. நெத்திலிச் சாறு மட்டும் ஒரு சொட்டு கூட வேணும்."

மல்சூனின் நாக்கு சுருங்கியது, தொண்டை வறண்டது, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்தது. தண்ணீர் தண்ணீர் என்று உடம்பு கேட்டது. அவள் கில்ஜாவின் பின்னால் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் முட்டைக்கோஸ் ஊறுகிற தொட்டி. மூடி திறந்திருந்தது. தொட்டியிலிருந்து வெட்டுப்பலகை வரை தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். அலசாத இலை! சின்னக் குழந்தைகூட அதைத் துப்பியிருக்கும்.

"எப்போலேருந்துடி?" மோட்டார் சத்தத்தில் பியோவுக்குக் கேட்காதபடி கில்ஜா உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"பிப்ரவரி."

"ஞாயித்துக்கெழம உன் கிம்ச்சிய நானும்தான் தின்னேன். என்கிட்டகூடச் சொல்லல பாரு."

"என்னக்கா, சரியாத்தானே சொல்றாங்க?" என்றார் பியோ.

மல்சூனின் காதுக்குள் மீன் தொட்டி மோட்டார் மட்டும் கேட்டது. ஒரு வார்த்தை போதும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கில்ஜா கையுறைகளைக் கழற்றினாள். "நாக்க விடுங்க முதலாளி. ருசி சொல்ல ஊருல ஆயிரம் நாக்கு இருக்கு. கை எப்பிடின்னு பாப்போம். பெசையட்டும்." புதுக் கையுறை ஒன்றையும், அலசி வடித்த முட்டைக்கோஸ் பாத்திரத்தையும் மல்சூன் பக்கம் தள்ளினாள். "ஆனா ஒண்ணு. நான் ருசி பாக்க மாட்டேன். இன்னிக்குப் பாத்துச் சொல்லிட்டா, அடுத்த மாசம் யாரு சொல்லுவா?"

மல்சூன் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பிசைந்தாள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய கூனி இறால், நெத்திலிச் சாறு. கை தானாகப் போய் அள்ளியது. இருபது வருடமாக அளவுக் கரண்டியைத் தொடாத கை. கூனி இரண்டு பிடி போட்டதும் மூன்றாவதுக்குப் போனது. அங்கேதான் பயம் பிடித்தது. இது பழைய கையா, இல்லை பிப்ரவரிக்கு அப்புறம் வந்த, ஒன்றும் தெரியாமல் அள்ளிப் போடுகிற கையா? மூன்றாவது பிடி பாத்திரத்துக்கு மேலே நின்றது. கில்ஜா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மல்சூன் கூனியைத் திரும்ப ஜாடியிலேயே போட்டாள்.

"அய்யோ, என்ன வாசன! பெரியம்மா, எனக்கு ஒரு வாய்!" ஹேவொனின் தள்ளுவண்டி கண்ணாடியில் வந்து முட்டியது.

பியோ சிரித்தார். "புள்ளத்தாச்சி வாய் பொய் சொல்லாது. குடுங்க அக்கா."

மல்சூன் உள்ளிருந்து மஞ்சளான ஒரு குருத்திலையைத் தேர்ந்தெடுத்தாள். மசாலாவைத் தடவி, நுனியிலிருந்து அடிவரை இறுக்கிச் சுருட்டினாள். இடது கையைக் கீழே ஏந்தி நீட்டினாள். ஹேவொன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

தாடை ஒரு முறை அசைந்தது. இரண்டு முறை. புருவம் மெல்ல நெருங்கியது. பியோ எட்டிப் பார்த்தார். கில்ஜாவும் இப்போது திரும்பிவிட்டாள். ஏந்திய உள்ளங்கையில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. மல்சூன் கையை இறக்கவில்லை. அந்தப் பெண்ணின் தொண்டை அசைவதற்காகக் காத்துக்கொண்டு, தன் வாயும் திறந்திருப்பது தெரியாமல் நின்றாள்.