ஒரு வரி தள்ளி

ஓரிடத்தில் அடங்கி உட்காரத் தெரியாத எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவரைத்தான் உதைக்க வேண்டும். அச்சடித்த தமிழ் வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பெயர், வினை, அடை என்று பென்சிலால் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தமிழ் கற்குமாம். இந்த 1993இல், எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அறையில், நானும் யோகம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரே பக்கத்தை இருவரும் தனித்தனியே குறிக்க வேண்டும், ஒருத்தி தாளை மற்றவள் பார்க்கக் கூடாது. இது பரமநாதன் சாரின் சட்டம். இருவர் குறியும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டருக்குள் போகும்.

"ரோசம்மா கை மிஷின்லா" என்பார் சார். யோகம்மா நிதானம், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் போன வாரம் என் கை ஓடவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தே நாலு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை யோகம்மாவின் தாள்கட்டை எடுத்து வைத்துப் பார்த்து எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"சீக்கிரம் எழுதுங்கக்கா, சார் வந்துருவாரு" என்றாள். அவ்வளவுதான்.

இன்று காலை சார் இருவரையும் கூப்பிட்டார். ஒரு பக்கத்தில் யோகம்மா வரி தவறி, எல்லாக் குறியையும் ஒரு வரி தள்ளிப் போட்டிருக்கிறாள். என் தாளிலும் அதே பக்கம், அதே தப்பு.

"யாரு யாரைப் பாத்து எழுதினது? அவங்க நாளைலேருந்து வர வேணாம்."

பதினோரு வருஷம் பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஷிஃப்ட் பார்த்தவள் நான். திரும்பவும் அங்கேயா?

"நான்தான் சார்" என்றாள் யோகம்மா.

அடிப் பாவி! உன்னை யார் கேட்டது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன்.

"இல்ல சார், பொய் சொல்றா. நான்தான் பாத்து எழுதினேன்!"

சார் சிரித்தார். "விடுங்க ரோசம்மா. கூட்டாளிக்காகச் சொல்றீங்க. உங்க வேகத்துக்கு நீங்க ஏன் இவங்களப் பாத்து எழுதணும்? போய் உட்காருங்க."

யோகம்மா பையை எடுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய்க்குக் குறைச்சலே இல்லையே!

போய் உட்கார்ந்தேன்.