அருள்பிரகாசத்தின் பாதிப் பாட்டுகள்

நிமோனியா வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு சொக்கம்மாளுக்கு மூச்சு பழையபடி வரவில்லை. வியாசர்பாடிக் குடியிருப்பில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "பாட்டு பாடுங்கம்மா, நுரையீரலுக்கு நல்லது" என்றாள்.

மருமகள் ஷாலு தன் பழைய போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். ஜோடிப் பாட்டில் யாரோ ஒருவர் தன் பாதியைப் பாடி வைத்திருப்பார். மீதியை நாம் பாடினால் இரண்டு முகமும் இரண்டு குரலும் சேர்ந்து ஒரே வீடியோப் பாட்டாகிவிடும்.

"தெரியாத ஆம்பள கூடயா?" என்றாள் சொக்கம்மாள்.

"அவுரு எங்கியோ கீறாரு, நீ எங்கியோ கீற. சும்மா பாடு அத்தே."

அப்படிக் கிடைத்தவர்தான் அருள்பிரகாசம். மளிகைக் கடைக்குள், மூட்டையில் சாய்ந்தபடி பாடுவார். குரலில் அவசரமே கிடையாது. எதிர்ப்பாட்டுக்கு இடம் விடும்போது திரையைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். மூச்சு வாங்கி இவள் பிந்தினாலும், பரவாயில்லை, வா என்பதுபோல் இருக்கும். செத்துப்போன கணவர் ஒருநாளும் அவள் பாட்டை நின்று கேட்டதில்லை. மதியம் சமையல் முடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்காருவாள். இரண்டு மாதத்தில் படியில் உட்காராமல் மாடி ஏறினாள்.

அவர் பாடியவை ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. புதிதாக எதுவும் வரவில்லை.

"ஒடம்பு கிடம்பு சரியில்லியோ இன்னாவோ."

"வேற ஆளப் பாரு அத்தே. ஆயிரம் பேரு கீறாங்க."

வேறு ஆள் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வீடியோவில் அவருக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கும்: ஜெஸ்வின் ஸ்டோர், திருவொற்றியூர். ஷாலுவிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள். இறங்கி, விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

கல்லாவில் அவள் வயதுப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். சொக்கம்மாள் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க முகம் எனக்குத் தெரியும்" என்றாள். அவள் தலைக்கு மேல் அருள்பிரகாசத்தின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்தது.

"அவுக செத்து ரெண்டு வருசமாச்சு."

சொக்கம்மாள் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுக்குக் கீழே, அவர் பாடி வைத்த தேதி இங்கிலீஷில் இருந்ததை அவள் படித்ததே இல்லை.

அந்தப் பெண்மணி தேவப்பிரியம், அவர் மனைவி. அவருடைய போன் இப்போது அவள் கையில் இருந்தது. "இதுல திடீர்னு சத்தம் வரும். எடுத்துப் பாத்தா அவுக பேரும் உங்க பேரும் சேந்து கெடக்கும். அவுக பாடுதாவ, நீங்க பதில் பாடுதீய. எத்தன வருசப் பழக்கம்?"

"பழக்கம்லாம் ஒண்ணும் இல்லம்மா. நேர்ல பாத்ததே கெடயாது. உசுரோட கீறாருன்னு நென்ச்சினு வந்தேன்."

"நாப்பது வருசம் கூட இருந்தேன். எங்கிட்ட ஒரு வரி பாடினதில்ல." தேவப்பிரியம் குரலை உயர்த்தவில்லை. வந்து நின்ற ஒருவருக்கு உளுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "அந்தத் தலையாட்டு யாருக்கு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தனக்குத்தான் என்று சொக்கம்மாளும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். "யாருக்கும் இல்லம்மா" என்றாள்.

தேவப்பிரியம் நம்பவில்லை. சொக்கம்மாள் கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஆப்பில் அவர் பேரே இல்லை. சேர்ந்து பாடிய பாட்டெல்லாம் போயிருந்தது. அவற்றில் இருந்த அவள் குரலும் போயிருந்தது. ஷாலு என்னென்னவோ தட்டிப் பார்த்தாள்.

"அக்கவுண்டயே அழிச்சிட்டாங்க அத்தே. இன்னாத்துக்குன்னு தெர்ல."

சொக்கம்மாள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சில நாள் வேறு ஆட்களோடு பாடிப் பார்த்தாள். ஒருவர் அவள் வரியிலும் சேர்ந்து பாடினார். இன்னொருவர் பாடி முடிக்கும்வரை தன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். பிறகு தன் பாதியைத் தானே பாடி வைத்தாள். ஆண்குரலுக்கான இடத்தில் தையல் மிஷின் சத்தம் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து விழுந்திருந்தது. யாரும் வந்து சேரவில்லை.

ஐப்பசி மழையோடு இருமல் திரும்பியது.

"இன்னா அத்தே, இப்பல்லாம் பாடுறதே இல்ல?"

"தொண்ட கட்டிகிச்சி."

ஷாலு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, சொக்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.