கால் பங்கும் ஒரு மடக்குக் கட்டிலும்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவு அதிகாரி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பியபோது, அவள் கண்ணில் முதலில் பட்டது அதில் படிந்திருந்த விரல் தடங்கள்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அழுக்குக் கண்ணாடியைப் பார்த்தால் கை தானாகத் துணியைத் தேடும்.

"இந்தச் சொத்து உங்களோடதுதானே சார்?" என்று அதிகாரி அம்மா அவனிடம் கேட்டார்.

அவன் குனிந்து பார்த்தான். "இது எங்க அண்ணன் வீடு மேடம்."

"அண்ணன் முக்கால் பங்கு. நீங்க கால் பங்கு. பதினோரு வருஷம் முன்னாடி பதிவாகியிருக்கு. விண்ணப்பத்துல 'இதற்கு முன் சொத்து இருந்ததா'ன்னு கேட்டதுக்கு, இல்லைன்னு டிக் பண்ணியிருக்கீங்க."

"அது சும்மா மேடம். அண்ணன் சம்பளத்துக்கு மட்டும் லோன் வரலை. என் சம்பளச் சீட்டையும் சேர்த்துக் குடுத்தா வரும்னாங்க. கையெழுத்துப் போட்டேன்."

"எதுல போட்டோம்னு படிச்சீங்களா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டை இறுக்கிவிட்டு மூன்று தடவை திரும்பிப் பார்ப்பவன். கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாடியில் யார் கத்தினாலும் லிஃப்டை ஓட விடமாட்டான். ஆனால் இருபத்திரண்டு வயதில், அண்ணன் நீட்டிய தாளில், 'எங்கே' என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"முதல்ல அந்த டிக்கை மாத்திக் குடுத்துடுங்க. பதிவு ஆபீஸ்ல மாட்டியிருந்தா அபராதம்" என்றார் அதிகாரி. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஒண்ணாந்தேதியில இருந்து விதி மாறியிருக்கு. முதல் வீடு வாங்கறவங்களுக்குப் பதிவு வரியில சலுகை இருக்கில்ல, அதுல இனிமே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஆள் கணக்கு. யாராவது ஒருத்தர் பேர்ல எப்பவாவது ஒரு அடி இடம் இருந்திருந்தாலும் சலுகை கிடையாது. முழு வரி."

"நாங்க இன்னும் புருஷன் பொண்டாட்டி ஆகலையே" என்றாள் அவள். "கல்யாணம் அடுத்த மாசம்தான். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் பேர்லயும் வாங்கிட்டா என் பாதிக்காவது சலுகை கிடைக்காதா?"

"அங்கேதான் அடுத்த சிக்கல். எங்க பக்கமும் மாத்திட்டாங்க. ரெண்டு சம்பளத்தைச் சேர்த்துக் கடன் குடுக்கணும்னா கல்யாணப் பதிவுச் சான்று வேணும். பண்ணிக்கப் போறோம்னு எழுதிக் குடுத்தா போன மாசம் வரைக்கும் செல்லும். இப்போ செல்லாது."

அவன் சிரித்துவிட்டான். "அப்போ வரி ஆபீஸுக்கு நாங்க கல்யாணம் ஆகாதவங்களா இருக்கணும். உங்களுக்கு ஆனவங்களா இருக்கணும்."

"இந்த மாசம் இதையே நாலு பேருக்கு சொல்லியாச்சு. நீங்க ஒருத்தர்தான் சிரிச்சீங்க."

முழு வரியைக் கட்டினால், இருவரும் ஆறு வருடமாகச் சேர்த்த முன்பணத்தில் பாதி அதிலேயே போய்விடும். அவர்கள் பார்த்து வைத்திருந்த ஆறாவது மாடி வீடு, இரண்டு படுக்கையறை, காலை வெயில் விழும் சமையலறை, சத்தமே போடாத நல்ல லிஃப்ட், எல்லாம் அந்த மேஜையின் மேலேயே மெல்ல மடிந்தன.

எழுந்திருக்கும்போது அதிகாரி அவளிடம் ஒரு தாளை நீட்டினார். "உங்க ஒருத்தர் சம்பளத்துக்கு எவ்வளவு வரும்னு போட்டிருக்கேன். உங்க பேர்ல எதுவும் இருந்ததில்ல. பதிவு அன்னிக்கு நீங்க கல்யாணம் ஆகாதவங்கன்னா சலுகை முழுசா கிடைக்கும். அடுத்த வாரமே கல்யாணம் பண்ணிக்கலாம், தப்பில்ல. இது நான் சொல்லித் தர்ற தந்திரமில்ல, விதியிலேயே எழுதியிருக்கு. ஆனா அஞ்சு வருஷத்துக்கு வேற பேரைச் சேர்க்க முடியாது. சேர்த்தா சலுகையைத் திருப்பிக் கட்டணும்."

அவள் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் பேச்சை அவன்தான் ஆரம்பித்தான்.

"கண்ணாடி, கோபமா?" அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் கைபேசியில் அவன் பெயர் 'லிஃப்ட்'.

"பங்கு இருக்கறது தப்பில்ல. அதை நான் இன்னொருத்தர் வாயால கேட்டேன் பாரு. பக்கத்துல நீ உட்கார்ந்திருக்க, எனக்குத் தெரியாத உன்னை அந்தம்மா எனக்குக் காட்டுறாங்க."

"நான் மறைக்கலை."

"மறந்துட்டியா? கால் வீடு மறக்குமா?"

"மறக்கலை. ஆனா அது என் வீடுன்னு ஒருநாளும் தோணினதில்ல. எனக்கு இருக்கறதா தோணாததை உன்கிட்ட எப்படிச் சொல்றது?" அவன் குரல் இறங்கியது. "நம்பலைன்னா ஞாயித்துக்கிழமை வா. என் கால் பங்கை வந்து பாரு."

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். அவனுக்கும் அதே பேருந்துதான். ஆனாலும் அவன் அடுத்ததில் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அவன் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணனின் மகள்கள் இருவரும் ஓர் அறையில் கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சின்ன நடைக்கு அவன் அவளை அழைத்துப் போனான். துணி துவைக்கும் இயந்திரம். அதற்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்த மடக்குக் கட்டில். அதற்கு மேலே ஓர் ஆணியில் இரண்டு சட்டை. கீழே கருவிப் பை.

"விரிச்சா குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும்" என்றான். "அதனால எல்லாரும் குளிச்சப்புறம்தான் தூங்குவேன்."

கண்ணாடிக் கடையில் கருவிழியின் நடு எங்கே என்று பேனாவால் புள்ளி வைப்பது அவள்தான். அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். இந்தக் கால் பங்குக்கு எங்கே புள்ளி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா, அளந்து பார்க்க வந்தியா?" அண்ணி சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் தேநீர்க் கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்த வேகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்லக்கா. இவங்க எங்கே தூங்கறாங்கன்னு பார்க்க வந்தேன்." அண்ணி எதிரில் மட்டும் அவன் அவளுக்கு 'இவங்க' ஆகிவிடுவான்.

"தம்பி வந்து சொன்னதுல இருந்து எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமே இல்ல. பங்கைக் கேட்டா வீட்டை விக்கறதைத் தவிர வழியில்லம்மா. இன்னும் ஒம்பது வருஷம் தவணை இருக்கு. இதுங்க ரெண்டும் படிக்கணும்."

"பங்கு கேட்டு வரலைக்கா. இன்னிக்கே எழுதிக் குடுத்தாலும், 'ஒருகாலத்துல இருந்துது'ன்னுதான் கணக்கு. எங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அண்ணியின் தோள்கள் தளர்ந்தன. கட்டிலை இழுத்து விரித்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். குளியலறைக் கதவு பாதியில் நின்றது.

"வேடிக்கையைப் பாரேன். கால் பங்குக்காரருக்கு இந்தக் கட்டில். ஒரு பங்கும் இல்லாத எனக்கு வீடு முழுக்கப் பெருக்கற வேலை." இப்போது உண்மையாகவே சிரித்தாள். "என் பேர் இந்தப் பத்திரத்துல இல்லம்மா. கரண்ட் பில்லுல கூட இல்ல. அன்னிக்குச் சம்பளச் சீட்டு இருந்தவங்க பேர் வந்துது. எனக்கு ஏது சம்பளச் சீட்டு? நியாயம்தானே?"

கேட்டுவிட்டு அவள் யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. எழுந்து கட்டிலை மடக்கி, பழக்கப்பட்ட கையால் சுவரில் சாய்த்தாள். அவன் ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு அவள் அந்த நான்கு மடிப்புத் தாளைப் பிரித்தாள்.

தாளில் இருந்த தொகைக்குக் கிடைத்தது ஓர் அறை வீடு. நான்காவது மாடி, பழைய கட்டடம், ஒரு மூலையில் ஈரம் பூத்த சுவர். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. லிஃப்ட் கிடையாது.

அதைப் பார்க்கப் போன அன்று அவன் மூச்சு வாங்க வந்து நின்றான். "எழுபத்திரண்டு படி. லிஃப்ட் போட நினைச்சாலும் குழி எடுக்க இடம் விடலை, படுபாவிங்க."

"மெக்கானிக்குக்கு அவமானமா இருக்கா?"

"நிம்மதி. வீட்டுக்கு வந்தா வேலை ஞாபகம் வராது." ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான். "நல்லா இருக்கு."

"நல்லா இல்ல. பரவாயில்லாம இருக்கு." அவள் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டாள். இதைச் சொல்லாமல் வாங்கக்கூடாது என்று முடிவு பண்ணித்தான் வந்திருந்தாள். "லிஃப்ட், விளையாடாம கேளு. இது என் பேர்ல மட்டும்தான் இருக்கும். அஞ்சு வருஷம். தவணையில பாதி நீ குடுப்ப. நாளைக்கு ஒரு சண்டையில நான் வெளிய போன்னு சொல்லிட்டா?"

"போவேன். எழுபத்திரண்டு படி இறங்கறதுக்குள்ள நீ கூப்பிட்டுடுவ."

"கூப்பிடலைன்னா?"

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணி பதினோரு வருஷமா அப்படித்தானே இருக்காங்க" என்றான். "அவங்களை யாரும் இந்தக் கேள்வி கேட்கலை. நானும் கேட்டதில்ல. தினமும் அவங்க கையால சாப்பிட்டுட்டு, அவங்களுக்கு இல்லாத பங்கை என் பேர்ல வெச்சுக்கிட்டு, பாவம் எனக்குக் கட்டில்தான்னு நினைச்சுட்டிருந்தேன். அஞ்சு வருஷம் நானும் அப்படி இருந்து பார்க்கறேன்."

"அது தண்டனை மாதிரி இருக்கு."

"இல்ல. பயமாத்தான் இருக்கு. ஆனா உன்கிட்டதானே." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "இன்னொண்ணு. இந்தத் தடவை முன்னாடியே சொல்லிடறேன். அந்தக் கால் பங்கை எழுதிக் குடுக்கப் போறேன். அண்ணனுக்கு இல்ல, அண்ணி பேருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "நமக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அதுக்கும் வரி உண்டு."

"விசாரிச்சுட்டேன். கல்யாணத்துக்குப் புதுக் கட்டில் வாங்க வெச்சிருக்கற பணம் சரியா இருக்கும்."

"அப்போ கட்டில்?"

"மடக்குக் கட்டில் இருக்கே."

"அது ஒரு ஆள் கட்டில்."

அவன் மறுபடி குழாயைத் திறந்து மூடினான். காது சிவந்திருந்தது. அவள் ஈரச் சுவரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நெஞ்சில் ஏதோ ஒன்று சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தது. முன்னாடியே சொல்லிடறேன் என்று அவன் சொன்னபோது அது நேராகிவிட்டது.

பதிவுக்கு நாள் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதனால் கல்யாணம் பதிவுக்கு ஒன்பது நாள் பின்னால் தள்ளிப் போடப்பட்டது. வரிக்காக என்று சொன்னால் உறவில் யாரும் நம்பவில்லை. "மாப்பிள்ளைக்கு ஏதும் குறையா? என்கிட்டயாவது சொல்லு" என்று பெரியம்மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவருக்குக் குறை இல்ல பெரியம்மா, கால் பங்கு அதிகம்" என்றாள் இவள். பெரியம்மாவின் கவலை அதில் இரண்டு மடங்கானது.

பதிவு அலுவலகத்தில் கூட்டம் வாசல் வரை நின்றது. எழுத்தர் அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"திருமணம்?"

"ஆகலை. இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

"அது எங்களுக்கு வேண்டாம். இன்னிக்கு என்ன?"

"இன்னிக்கு ஆகலை."

"சொத்து இருந்ததா?"

"இல்லை." இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவள் தன்னையறியாமல் அவன் பக்கம் பார்த்தாள். அவன் சாட்சியாக வந்திருந்தான். கழுத்து வரை பொத்தான் போட்டு, எண்ணெய்க் கறை போகாத விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அவள் கையெழுத்துப் போட்டு முடித்தாள். எழுத்தர் பத்திரத்தை அவன் பக்கம் தள்ளி, கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார். "சாட்சி, இங்கே."

அவன் பத்திரத்தைக் கையில் எடுத்து முதல் பக்கத்துக்குத் திருப்பினான்.

"சாட்சிதானே சார். கடைசிப் பக்கம்."

"ஒரு தடவை படிக்காம போட்டுக் கால் வீடு வாங்கிட்டேன் மேடம். ரெண்டு நிமிஷம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ கடிகாரத்தைப் பற்றிச் சத்தமாக ஏதோ சொன்னார்கள். அவன் விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தான். வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது. விரல் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு விரல் அடுத்த வரிக்குப் போனது.

அவசரப்படுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து, எழுத்தருக்கும் தங்களுக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். இன்னும் ஐந்து பக்கம் இருந்தது.