வலியை வீணாக்காதீங்க

ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கிற மனுஷன் தன் வாயை மட்டும் இறுக்கி மூடிக்கிட்டா, கட்டினவ என்னதான் செய்வா?

எங்க வீட்டுக்காரர் பல் டாக்டர். 'ஜெப டாக்டர்'னு சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும். கீழே கிளினிக், மேலே வீடு. காலைப் பூசை பார்க்காம ஒரு பல்லைத் தொட மாட்டார். எங்க ஒரே பொண்ணு பல் தேய்க்கப் பழகினதே ஜெபக் கணக்குலதான். மேல் வரிசைக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே', கீழ் வரிசைக்கு இன்னொண்ணு. கள்ளி, பாதியிலேயே 'ஆமென்' போட்டுட்டு ஓடுவா. இவர் துரத்திப் பிடிச்சு, மடியில உட்கார வச்சு, முதல்லேருந்து தேய்ச்சு விடுவார்.

கிளினிக்ல ஊசி போடுறதுக்கு முன்னாடி இவர் எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்பார். "கொஞ்சம் குத்தும். எப்படியும் வரப்போற வலி, வீணாக்காதீங்க. யாருக்காவது வேண்டிக்கிட்டு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடுங்க. யாருக்கு?" சிலர் பிள்ளை பரீட்சைக்குக் கொடுப்பாங்க, சிலர் அம்மாவோட முழங்காலுக்கு. ஒரு டாக்சிக்காரர் மட்டும், "வலியையே என் மாமியாருக்குக் கொடுத்துடலாமா டாக்டர்?"னு கேட்டார். இவர் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த ஊசியைக் கீழே வச்சுட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் எனக்கு ஒரு காரியம் பண்ணினார். பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ நெஞ்சுச் சளி கட்டி மூச்சுத் திணறினா. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. இவர் நேரா கோயிலுக்குப் போய் முழங்கால்ல விழுந்து, "பிழைக்க வையும் ஆண்டவரே, இவளை உமக்கே கொடுத்துடறேன்"னு நேர்ந்துக்கிட்டு வந்துட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. பத்து மாசம் சுமந்தவ நான், நேர்ந்து விட்டது இவர். அவ என்ன ஆடா?

பொண்ணும் படிப்பு முடிச்சு கன்னியாஸ்திரி மடத்துல சேர்ந்தா. ஏழு வருஷம் இருந்தா. சாகற வரைக்கும் மடத்துலதான்னு நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டிய நேரத்துல, "எனக்கு இது இல்லம்மா"ன்னு வெளியே வந்துட்டா. இப்போ பக்கத்து ஊர்ல கணக்கு டீச்சர். வாடகை அறையில இருக்கா. இவர் அவளைத் திட்டல, அடிக்கல. "கடவுளுக்குக் கொடுத்ததை எந்தக் கையால திருப்பி வாங்கறது?"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அதுக்கப்புறம் அவகிட்ட பேச்சே இல்ல. பெத்த பொண்ணை சனிக்கிழமையானா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில வச்சுத்தான் பார்த்துட்டு வரேன். திருட்டுப் பண்டம் கைமாத்துற மாதிரி இருக்கும்.

போன மாசம் இவர் சாப்பாட்டைக் குறைச்சார். ரொட்டியைப் பால்ல ஊற வச்சு, வலது பக்கமாவே மென்னார். "விரதமா?"ன்னேன். "அது மாதிரி"ன்னார். பொய் சொல்ல வராது, மழுப்ப மட்டும் வரும். ஒருநாள் காலையில இடது கன்னம் பணியாரமா உப்பிப்போய் வந்து உட்கார்ந்தார். உடம்பு கொதிக்குது. நான் தாடையைப் பிடிச்சு, "வாயைத் திறங்க"ன்னேன். கல்யாணமான நாள்லேருந்து அவர் மத்தவங்களுக்குச் சொல்ற வார்த்தை. அன்னைக்கு நான் சொன்னேன். கடைவாய்ப் பல் சீழ் கட்டிக் கிடந்தது.

"அட பாவி மனுஷா! வீக்கம் கழுத்துக்கு இறங்கினா மூச்சே அடைச்சிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றவர் நீங்கதானே?"

"இது ஒப்புக்கொடுத்த வலி" அப்படின்னார், கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு. "நேர்ச்சை முறிஞ்சு போச்சு. ஆண்டவர் தனக்குச் சேர வேண்டியதைத் திருப்பி எடுத்துட்டார்னா? அவ மேல கை வைக்காதீங்க, என்னை எடுத்துக்கங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

அப்போதான் எனக்கு உறைச்சுது. இத்தனை நாள் நான் கோபம்னு நினைச்சதெல்லாம் பயம். ஆனா பரிதாபப்பட்டா காரியம் ஆகுமா? இவர் கிளினிக்குக் கீழே இறங்கினதும் போனை எடுத்தேன். "உங்கப்பா உன்னைக் காப்பாத்தறேன்னு செத்துக்கிட்டு இருக்கார், உடனே கிளம்பி வா"ன்னு நடந்ததைச் சொன்னேன்.

அவ வந்தப்போ இவர் உப்பின கன்னத்தோட யாரோட பல்லையோ அடைச்சுக்கிட்டு இருந்தார். அந்த ஆள் எழுந்து போற வரைக்கும் வாசல்லயே நின்னா. அப்புறம் உள்ளே போய், "நாற்காலியில ஏறுங்க. இப்போ நீங்கதான் பேஷண்ட்"னா.

இவர் சுவரைப் பார்த்துக்கிட்டு, "நீ கடவுளுக்குக் கொடுத்த பிள்ளை"ன்னார். அவகிட்ட அவர் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

"கொடுத்தீங்க. அவர் வாங்கிக்கிட்டாரான்னு கேட்டீங்களா? ஏழு வருஷம் நான் தினமும் கேட்டேன்ப்பா. போன்னு அவர் சொல்ற மாதிரிதான் தோணுச்சு. கோபமா இல்ல, நீங்க ஸ்கூல் வாசல்ல விட்டுட்டுப் போயிட்டு வான்னு சொல்வீங்களே, அப்படி."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா..."

"நான் சாகாம இருக்கறதுக்கு உங்க சொத்தைப் பல்லா காவல்? கடவுள் என்ன வசூலுக்கு வர்ற ஆளா?"

இவருக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. மெதுவா எழுந்து, தளர்ந்துபோய் நாற்காலியில சாய்ஞ்சார்.

இவர்கிட்ட வேலை பழகுற ஜூனியர் டாக்டர் பொண்ணு ஊசியோட வந்தா. பாவம், குருவோட வாய்! ஊசியை ரெண்டு தடவை சரிபார்த்தா. வாய் ரெண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. "இது போதும் டாக்டர்"னா.

என் பொண்ணு அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டு அப்பாகிட்ட குனிஞ்சா. "கொஞ்சம் குத்தும். வீணாக்காதீங்க. யாருக்குப்பா?"

இவர் விரலைத் தூக்கி அவளைக் காட்டினார்.

"எனக்கு வேண்டாம். நான் நல்லா இருக்கேன். வேற ஆளைப் பாருங்க."

இவர் கண்ணு கூரையைப் பார்த்தது, சுவர்ல இருந்த சிலுவையைப் பார்த்தது. அப்புறம் துண்டோட வாசல்ல நின்ன என்னைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தார். அந்த விரல் மெதுவா என் பக்கம் திரும்புச்சு.

ஊர்ல எல்லாரோட வலியையும் யாருக்காவது ஒப்புக்கொடுக்க வச்ச மனுஷன், எனக்குன்னு ஒரு கொசுக்கடியைக்கூடக் கொடுத்ததில்ல. பிள்ளையை நேர்ந்து விட்டப்போ கேக்காதவர் இப்போ கேக்குறார், அதுவும் பேச முடியாத வாயோட. அழுகை பொத்துக்கிட்டு வந்துது. அதுக்காக விட்டுட முடியுமா?

"சரி, வாங்கிக்கறேன்"னேன். "ஆனா இவ இனிமே நம்ம வீட்லதான் இருப்பா."

வாயைத் திறந்தபடியே சரின்னு வேகவேகமாத் தலையை ஆட்டினார்.

"ஆட்டாதீங்க டாக்டர், ஊசி!"ன்னு ஜூனியர் பொண்ணு அலறினா.