செவாரே கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள்

நியெலே போனில் மூன்று தடவை "வராதீங்க பெரியம்மா" என்றாள். நாலாவது தடவை, "நீங்க வர்றதா இருந்தா என்ன கலர் உடுத்தியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நீலம்" என்றாள் தெனின் குலிபாலி.

"நீலமா..." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, வீடியோ அனுப்பி வைக்கிறேன். ரோடு சரியில்ல பெரியம்மா. சொன்னா கேளுங்க."

தெனின் போனை இடுப்பில் செருகிக்கொண்டு சோற்றுப்பானையைக் கிளறினாள். தலைநகர் பமாகோவில் பஸ் நிலையத்தின் பக்கத்தில் அவளுக்குச் சோற்றுக்கடை. நியெலே அவள் பெற்ற பிள்ளை இல்லை. கணவனின் தம்பி மகள். அப்பன் செத்தபோது தெனினின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவள். இப்போது செவாரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். செவாரே ஊர் என்னவோ அமைதிதான். அதற்குப் போகிற வழியில்தான் துப்பாக்கிக்காரர்கள்.

கணவர் சூமானா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"போகக்கூடாது."

"நீங்க?"

"நானும்தான். எனக்கென்ன பைத்தியமா? ரேடியோ கேக்கறியா இல்லியா நீ?"

"கேக்கறேன். காலையில ரோடு திறந்தாச்சுங்கறான், சாயங்காலம் மூடியாச்சுங்கறான்."

"அதான் சொல்றேன். சாயங்காலம் சொல்றத நம்பு."

டிக்கெட் கொடுக்கிற புராமா கெய்த்தா மத்தியானச் சோற்றுக்கு வந்தான். கெய்த்தா குலத்தாரும் குலிபாலி குலத்தாரும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் பயறுதின்னி என்று கேலி பேசாவிட்டால்தான் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

"என்ன பயறுதின்னி, மூஞ்சி தொங்குது? ஊர்ல பயறு தீந்துபோச்சா?"

"இருந்த பயற உங்க பாட்டன் திருடிட்டுப் போயிட்டான். டேய், செவாரே பஸ் போகுதா?"

"போகுது."

"திரும்பி வருதா?"

"வராம? டிரைவருக்கு இங்க ஒரு பொண்டாட்டி, அங்க ஒரு பொண்டாட்டி. ஒரு இடத்துல தங்கினா இன்னொருத்தி கொன்னுடுவா."

தெனினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "வெளையாடாத. நெசத்தச் சொல்லு" என்றாள்.

புராமா தட்டைக் கீழே வைத்தான். "போன வாரம் சான் ஊரத் தாண்டி ஒரு லாரிய எரிச்சாங்க. மறுநாளே நம்ம பஸ் அந்த வழியா போய்ச் சேந்தது. ரெண்டுமே நெசம் அக்கா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாத."

அன்று முழுக்க அவள் மனசு பஸ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பானை கழுவும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெண் அங்கே தினமும் எழுந்து, உடுத்தி, வேலைக்குப் போகிறாள். நான் ஒரு தடவை போவதற்கு இத்தனை யோசனையா?

வீட்டுக்குப் போய், "கூலிகோரோவுல என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லியாம். பாத்துட்டு வர்றேன்" என்றாள்.

மறுப்பார் என்று நினைத்தாள். சூமானா முகம் மலர்ந்துவிட்டது. "போயிட்டு வா, போயிட்டு வா. அவசரமே இல்ல. நல்லா தங்கிட்டு வா."

இந்த மனிதருக்கு என் தங்கச்சிமேல் எப்போதிருந்து இத்தனை பாசம் என்று அவளுக்குப் புரியவில்லை.

விடிந்ததும் நீலத் துணியைப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். நகரத்தைத் தாண்டியதும்தான் மூச்சு வந்தது. முன் இருக்கையில் ஒருவர் தலைப்பாகைத் துணியை மூக்குவரை சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தார். பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது.

"ஐயோ என் முட்டி!" என்றார் அவர்.

அந்த முட்டிக்கு முப்பது வருஷமாக எண்ணெய் தேய்க்கிறவள் தெனின்.

"என்னங்க!"

கண்ணாடி மெதுவாகத் திரும்பியது. "கூலிகோரோவுக்கு இந்த வழியாவா போவாங்க?"

"பைத்தியமா எனக்குன்னு கேட்டீங்களே, இப்ப பதில் சொல்லட்டுமா?"

"பொண்ணோட அப்பன் இடத்துல ஒருத்தன் நிக்க வேண்டாமா? நீ இறங்கு. அடுத்த ஊர் செகுல இறங்கி வீட்டுக்குத் திரும்பற பஸ் பிடி."

"நீங்க இறங்குங்க! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அதையேதான்டி நானும் கேக்கறேன்!"

பின்னால் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள் பொறுமை இழந்தாள். "ஒருத்தர் இறங்குங்க, இல்ல ரெண்டு பேரும் வாய மூடுங்க. என் கோழி பயப்படுது."

செகுவில் இருவரும் இறங்கவில்லை. இருவரும் பேசவும் இல்லை.

சான் தாண்டி ராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தினார்கள். முன்னால் எங்கோ வெடிச் சத்தம், சோளப்பொரி பொரிவதுபோல. கோழிகூட வாய் திறக்கவில்லை. சூமானா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ கூலிகோரோ போயிருக்கலாம்" என்றார் தணிந்த குரலில்.

"போயிருந்தா இப்ப உங்க பக்கத்துல யாரு இருப்பா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்று வெகுநேரம் கழித்து ஒரு சிப்பாய் கையை ஆட்டினான். டிரைவர் செவாரே பொண்டாட்டியைத் தவிர வேறு எதையும் நினைக்காதவனைப்போல ஓட்டினான்.

செவாரேயில் மாப்பிள்ளையின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீடு நிரம்பி வழிந்தது.

"எல்லாரும் வரமாட்டோம்னுதானே சொன்னீங்க! ஒருத்தர் விடாம சொன்னீங்களே! அத நம்பி ஒரே ஒரு ஆடு அறுத்தேன்!"

பமாகோவிலிருந்து வராதவர்கள், செகுவிலிருந்து வராதவர்கள், புருஷனுக்குத் தெரியாமல் வந்தவர்கள், பெண்டாட்டிக்குத் தெரியாமல் வந்தவர்கள் என்று எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். தெனின் முகம்கூடக் கழுவவில்லை. பெரிய பானை எங்கே என்று கேட்டாள். சூமானாவை வெங்காயம் உரிக்க உட்கார்த்தினாள். பெண்ணின் அப்பன் இடத்தில் நிற்க வந்தவன் வெங்காயமா உரிப்பது என்று அவர் முணுமுணுத்தபடியே உரித்தார்.

புகைக்கு நடுவே நியெலே கல்யாண உடுப்போடு வந்து நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. இந்தா, உப்பு பாரு."

நியெலே கரண்டியை வாங்கி ஊதி ஊதி ருசி பார்த்தாள்.

"கம்மி" என்றாள்.

தெனின் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.